மாதுளைக்குப் பதிலாக

அக்கா மகளின் நோட்டில் ஒரு பக்கத்தில் பச்சை மையால் ஒரு கேள்வி எழுதியிருக்கிறது: 'மாதுளைக்குப் பதிலா நம்மூர்ல என்ன?' அதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் நான் ஏழு வரி எழுதினேன். நான் இதுவரை எழுதியதிலேயே கெட்டிக்காரத்தனமான வரிகள் அவைதான். அந்த வரிகளுக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் புரியாது. அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அதைக் கொண்டுவந்தாள். மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். 'நீ கிணற்று மேட்டில் நிற்கிறாய், உள்ளேயிருந்து சத்தம் வருகிறது, என்ன செய்கிறாய்?' என்று கதை நடத்துபவர் கேட்பார். அவர்கள் பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். அவ்வளவுதான். இதற்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஓடிவிடும்.

நான் சேலத்தில் தனியாகக் குடியிருக்கிறேன். தினமும் பஸ் பிடித்து நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு வேலைக்குப் போகிறேன். எஞ்சினும் சக்கரமுமாக வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு என்ன அளவில் பாடி வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. அரை அங்குலம் பிசகினால் கதவு உட்காராது, வெல்டர் என் மேஜைக்கே வந்து கத்துவார். நானும் பதிலுக்குக் கத்துவேன். பத்து வருடம் இதையே செய்ததில், உலகத்தில் எதுவாக இருந்தாலும் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தித்தான் ஆக வேண்டும் என்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. கல்யாணப் பேச்சு எதுவும் எனக்குப் பொருந்தி வராததற்கும் அதுதான் காரணம் என்று அக்கா சொல்வாள்.

ஹாஸ்டலில் விளையாட இடம் இல்லை என்று அக்கா மகள் தன் அறைத் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி சோடாபுட்டிக் கண்ணாடி. "சித்தி, உங்களுக்குச் சண்ட போடறதுக்கு ஒரு எடம் வேணும்ல. வந்து உக்காருங்க" என்றாள் அக்கா மகள். மூன்று வாரத்தில் கதை நடத்தும் வேலை என் கைக்கு வந்துவிட்டது. காரணம், நான் ஒருத்திதான் பகடையில் யாருக்கும் சலுகை காட்டாதவள். விழுந்தது விழுந்ததுதான் என்பேன். அக்கா மகளின் பாத்திரம் சாகக் கிடக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு "சித்தி, ஒரே ஒரு தடவ விட்டுக் குடுங்க" என்று கெஞ்சுவாள். நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

கோட்டை, டிராகன், கவசம் போட்ட வீரன் எல்லாம் சலித்துப்போன பிறகு, நம் ஊரில் நடக்கிற மாதிரி ஒரு கதை செய்யலாம் என்று அவள்தான் ஆரம்பித்தாள். அதற்கு அவள் பிடித்துக்கொண்டுவந்த ஆள் யார் என்று பார்த்தால், கிரேக்கர்களின் பாதாள ராணி பெர்சிஃபனி. நம் ஊரில் இல்லாத சாமியா என்று நான் கேட்டதற்கு, "நம்ம சாமியத் தொட்டா எங்கம்மா அடிக்கும் சித்தி, இந்தச் சாமிக்கு இங்க ஆள் இல்ல" என்றாள்.

கதை இதுதான். ஒரு பெண் பூப்பறித்துக்கொண்டிருக்கிறாள். பூமி பிளந்து பாதாளத்து ராஜா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவளுடைய அம்மா தானியத்துக்கெல்லாம் தெய்வம். மகளைத் தேடி அலைகிறாள், பயிர்கள் பட்டுப்போகின்றன. ஊர் பசியில் சாகும் நிலை வந்ததும் மற்ற தெய்வங்கள் கூடிப் பேசி மகளைத் திருப்பி அனுப்பச் சொல்கின்றன. ஆனால் அதற்குள் அவள் அங்கே சில மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டாள். கீழே தின்றவர்கள் கீழேதான் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் வருடத்தில் கொஞ்ச நாள் கீழே, மீதி நாள் அம்மாவிடம் என்று முடிவாகிறது.

இதை அக்கா மகள் எங்கள் பக்கத்துக்கு மாற்றிய விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பாதாளத்து ராஜா, திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டி முதலாளி. ரதத்துக்குப் பதில் போர் போடும் லாரி. பூமியைத் துளைத்துக்கொண்டு வர அவனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? "பொண்ணத் தூக்கிட்டே போக வேண்டியதில்ல சித்தி, ரிக் ஓனர்னா பொண்ணு ஊட்லயே ஏத்தி உட்ருவாங்க" என்றாள் நெட்டை. கீழே போகும் வழி, வற்றிப்போன கிணற்றுக்குள் பக்கவாட்டில் போட்ட சைடு போர். எங்கள் பக்கம் தண்ணீர் தேடிக் கிணற்றுச் சுவரில் நாலு திசையிலும் துளை போட்டு வைத்திருப்பார்கள். அதில் ஒரு துளைக்குள் ஊர்ந்து போனால் பாதாளம். கிரேக்கர்களே அவள் பெயரைச் சொல்லப் பயந்து வெறுமனே 'பெண்' என்பார்களாம். அதனால் எங்கள் கதையில் அவளுக்குப் பெயர் 'கீழூட்டுப் புள்ள'. அதாவது கீழ் வீட்டுப் பெண்.

மாதுளையில்தான் வந்து மாட்டிக்கொண்டோம். "நம்மூர்ல மாதுளைன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்கிட்டுப் போறது சித்தி. அதுல என்ன மர்மம் இருக்குது? வேற ஏதாவது வேணும்" என்றாள் அக்கா மகள். நான் எள்ளுருண்டை என்றேன். கண்ணாடிக்காரி பூமிக்கு அடியில் விளைகிற குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, என்றாள். எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கேள்வியை நோட்டில் எழுதிக் கீழே இடம் விட்டு வைத்தாள். "யோசிச்சுச் சொல்றேன், நீங்க எதையும் எழுதிப்புடாதீங்க" என்று என்னை எச்சரித்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் அவளுக்குக் கொஞ்சம் புன்செய்க் காடும் இரண்டு எருமைகளும். ஒரே மகள். தினமும் சாயங்காலம் மகளுக்குப் போன் செய்வாள். எடுத்ததும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சாப்டியா சாமி?" எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். இவள் வயிறு நிறையத் தின்றுவிட்டு, பானிபூரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இன்னும் இல்லம்மா" என்பாள். என் வீட்டில் இருக்கிற நாளானால், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். மறுநாள் காலையில் ராசிபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு தூக்குப்போசி வந்துவிடும். அரிசிம்பருப்புச் சோறும், தனியாக ஒரு சின்ன டப்பாவில் நெய்யும். எருமை நெய் ஊற்றிய அந்தச் சோற்றுக்காக ஹாஸ்டலே காத்துக்கிடக்கும். மகள் பொய் சொல்கிறாள் என்று அக்காவுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. தெரிந்திருக்கும்.

மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டு நாளில் ரத்த அணுக்கள் குறைகின்றன என்றார்கள், சேலத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்காவும் மாமாவும் வந்து சேர்வதற்குள் முதல் நாள் நான் மட்டும்தான் கூட இருந்தேன். வெளியே போய் நாலு மாதுளை வாங்கி வந்தேன். பழத்தை உடைத்து, முத்துகளை ஒரு டம்ளரில் உதிர்த்து, அவள் வாயில் ஊட்டினேன். வாய் கசக்கிறது, வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. அவள் ஆறோ ஏழோ முத்துகளைத் தின்றாள். பிறகு, அந்த நிலைமையிலும், "சித்தி, போச்சு போங்க. இதத் தின்னுட்டேன். இனி கீழூட்லதான்" என்றாள்.

"வாயக் கழுவு. பேசற பேச்சப் பாரு" என்று திட்டினேன். அவள் சிரித்தாள். ஐந்தாம் நாள் காலை அவள் போய்விட்டாள்.

எனக்கு அழத் தெரியவில்லை, கோபப்படத்தான் தெரிந்தது. எடுத்துக்கொண்டுபோகும்போது பாடையின் அளவு சரியில்லை என்று யாரிடமோ சண்டை போட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பதெல்லாம், வீட்டுக்கு வந்து பார்த்தபோது மேஜை மேல் பையில் மீதி மாதுளைகள் இருந்ததுதான். அவற்றை எடுத்துக்கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பழத்தை நான் வாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகள் இரண்டு பேரும் அவளுடைய ஹாஸ்டல் சாமான்களைக் கொண்டுவந்தார்கள். அதில் அந்த நோட்டும் இருந்தது, பச்சைப் பேனாவை அதன் கம்பிக்குள் செருகியிருந்தாள். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்காரிதான் சொன்னாள்: "சித்தி, அவ ஆரம்பிச்சத நம்ம முடிச்சர்லாங்களா?"

நாங்கள் மறுபடி விளையாட ஆரம்பித்தது இப்படித்தான். அக்காவிடம் சொன்னபோது அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டாள். "நா ஒரு ஓரமா உக்காந்துக்கறேன் கண்ணு. பாப்பா என்னமோ எழுதிக்கிட்டே இருப்பாளே, அதக் கேக்கறேன்" என்றாள். பிறகு வாராவாரம் வந்தாள். நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாகக் காலை நீட்டிக்கொண்டு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ கடலை உரித்துக்கொண்டோ கேட்பாள். ரிக் முதலாளி வரும் இடத்தில் சிரித்தாள். மகள் செத்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கதை நகர்ந்து நகர்ந்து அந்தக் காலிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. கீழூட்டுப் புள்ளையைக் கூட்டிவரக் கிணற்றுக்குள் இறங்குகிறவர்களுக்கு, அவளை அங்கே பிடித்துவைத்திருப்பது எது என்று தெரிய வேண்டும். எனக்கு ஒரு வாரம் அதே நினைப்பு. பஸ்ஸில் அதே, பட்டறையில் அதே. மல்லூர் தாண்டும்போது ஒருநாள் பளிச்சென்று பிடிபட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பேனாவை எடுத்து, அவள் விட்ட இடத்திலேயே, அவள் பேசுகிற மாதிரியே எழுதினேன்:

'மாதுள வேண்டாம். படையல். செத்தவங்களுக்குன்னு மேல இருக்கறவங்க இலை போட்டு வெக்கறாங்க இல்ல, அதுதான் கீழ போகுது. அவளுக்குப் புடிச்சதாப் பாத்து அம்மா சமைக்கறா. அதத் தின்னுத் தின்னுத்தான் அவளால மேல வர முடியல. பூட்டு கீழ இல்ல, மேல அம்மா கைலதான் இருக்குது. அம்மா படைக்கறத நிறுத்துனா மக வந்துருவா. ஆனா எந்த அம்மா நிறுத்துவா?'

எழுதி முடித்ததும் எழுந்து அறைக்குள் நடந்தேன். அவ்வளவு சந்தோஷம். கிரேக்கக் கதையின் சட்டம் அப்படியே இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர்ச் சோறாக இருக்கிறது. கதவு சட்டத்துக்குள் க்ளிக் என்று உட்கார்ந்துவிட்டது. அவள் இருந்திருந்தால் எழுந்து குதித்திருப்பாள் என்று தோன்றியது, அதற்குத்தான் கொஞ்சம் அழுதேன்.

ஒவ்வொரு அமாவாசைக்கும் அக்கா தன் மகளுக்கு இலை போட்டுப் படைக்கிறாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கல்யாணமாகாத பிள்ளைக்கு அப்படி மாதாமாதம் செய்கிற வழக்கம் இல்லை என்று உறவில் யாரோ சொன்னபோது, அவள் காதில் வாங்கவில்லை என்பதும் தெரியும். இலையில் அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் வைத்து, காக்கைக்கு ஒரு உருண்டை வைத்துவிட்டுத்தான் அன்று அவள் தண்ணீர் குடிப்பாள். இதெல்லாம் தெரிந்த எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அளவு பொருந்தியது என்பது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிகளை வாசித்தேன். நான் எழுதியது என்று சொல்லவில்லை. தோழிகளுக்கு அது தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பேரும் "ஐயோ சித்தி" என்றார்கள். அக்கா கடலைத் தொலியை முறத்தில் ஊதிக்கொண்டே கேட்டாள்:

"மேல வெக்கறதுதான் கீழ போகுதா?"

"ஆமாங்க்கா. அதுதான் பூட்டு" என்றேன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போல.

"அம்மா வெக்கறதுனாலதான் அது வர மாட்டீங்குதா?"

"ஆமாங்க்கா. நல்லாருக்குதில்ல?"

அக்கா எட்டிப் பக்கத்தைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குப் பச்சை மை மட்டும்தான் தெரிந்திருக்கும். "நல்லாருக்குது கண்ணு" என்றாள். அன்று வழக்கமான பஸ்ஸுக்கு ஊருக்குக் கிளம்பிப் போனாள்.

அடுத்த அமாவாசையன்று மாமா பட்டறைக்குப் போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்கிற ஆளே இல்லை. "அம்மிணி, உங்கக்கா இன்னைக்கி பாப்பாவுக்கு இலை போடலை. அடுப்பே பத்த வெக்கலை. கேட்டா, வரட்டும் வரட்டும்ங்கறா. எனக்குப் பயமா இருக்குது, நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார். பாதி வரைந்த பாடியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வருடம் குச்சிக்கிழங்கு நடாமல் காடு வெறுமனே கிடந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அது கதை, வெறும் விளையாட்டு என்று ஆரம்பித்தேன்.

"கதைன்னு எனக்குத் தெரியாதா கண்ணு. எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். "ஆனா எம் புள்ள எழுதி வெச்சிருக்கறாளே. அம்மா நிறுத்துனா வந்துருவேன்னு எழுதி வெச்சிருக்கறாளே. அரிசியக் கையில எடுத்தா அதுதான் நெனப்புக்கு வருது. எடுத்த அரிசியத் திரும்பப் பானைல கொட்டீட்டேன்."

நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். விளையாட்டின் விதியை மாற்றிவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது நாலு பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் பொய் சொன்னால் அக்கா மகள் பேரில்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை அதைச் செய்தது போதாதா?

"அக்கா, அத அவ எழுதலைங்க்கா. நாந்தான் எழுதுனேன்."

"பச்ச மையில இருந்துச்சு."

"பேனா அவளுது. எழுத்து என்னுது."

"அப்ப அவ என்ன எழுதியிருந்தா?" என்று கேட்டாள்.

"கேள்வி மட்டுந்தாங்க்கா. கீழ காலியா இருந்துச்சு."

"எனக்குன்னு ஒண்ணும் எழுதலியா?"

"இல்லீங்க்கா."

இந்த 'இல்லீங்க்கா'வைச் சொல்வதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் நான் செய்ததில்லை. அந்த ஏழு வரியில் அக்காவுக்குப் பயம் மட்டும் இல்லை, மகளின் பேச்சும் இருந்தது. மகள் தன்னிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று ஒரு மாதமாக நம்பிக்கொண்டிருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டேன்.

ஆரம்பித்தது ஆரம்பித்துவிட்டோம் என்று மிச்சத்தையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் மாதுளை ஊட்டியது நான்தான் என்றேன். வேண்டாம் என்றவளைக் கட்டாயப்படுத்தினேன், இதைத் தின்றால் திரும்ப முடியாது என்று அவள் வாயாலேயே சொன்னாள், நான் திட்டினேன் என்றேன். பேசப் பேசத்தான் அது எனக்கே தெரிந்தது. மாதுளை வேண்டாம் என்று நான் எழுதியது ஊருக்குப் பொருந்தாததால் இல்லை. அந்தப் பூட்டு என் கையில் இருந்தது. என்னால் அதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. நைசாக எடுத்து அக்கா கையில் கொடுத்துவிட்டேன். அதற்குத்தான் அத்தனை கெட்டிக்காரத்தனமும்.

அக்கா எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். நான் கிளம்பும்போது திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமாக "பாத்துப் போ கண்ணு" என்பவள், அதையும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் அவளிடமிருந்து போன் இல்லை. இன்னொரு அமாவாசையும் வந்து போனது. அன்றைக்கும் இலை போடவில்லை என்று மாமா சொன்னார். நான் எழுதிய வரிகளை வெள்ளை மை வைத்து அழித்தேன். பச்சை உள்ளேயிருந்து மங்கலாகத் தெரிந்தது, மேலே இன்னொரு பூச்சுப் பூசினேன். விளையாட்டை நிறுத்திவிடலாம் என்று தோழிகளிடம் சொன்னேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா படியேறி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே வந்தவள் சுவரோரம் போகவில்லை, மேஜைக்கு வந்து மகளின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு ஆளு குடுங்க. நானும் ஆடறேன்" என்றாள்.

நெட்டை என்னைப் பார்த்தாள். "யாரா இருக்கறீங்கம்மா?" என்று கண்ணாடிக்காரி கேட்டாள்.

"அம்மாவாத்தான். வேற என்னவா இருக்கறது?"

நான் கதையை எடுத்தேன். வற்றிய கிணறு. படி முடிகிற இடத்தில் சுவரில் சைடு போர். அந்தத் துளைக்கு முன்னால் அம்மா நிற்கிறாள். உள்ளே இருட்டு, ஆழம் தெரியவில்லை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "இப்ப என்ன பண்றீங்க்கா?" என்றேன்.

அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டே, போனில் கேட்கிற அதே குரலில், "சாப்டியா சாமி?" என்றாள்.

கீழே குரல் எட்ட வேண்டுமென்றால் பகடையில் பதினைந்துக்கு மேல் விழ வேண்டும். இது அக்கா மகள் நோட்டில் எழுதி வைத்த விதி, அவள் கையெழுத்தில் இருக்கிறது. பகடையை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உருட்டினாள்.

நாலு விழுந்தது.

தோழிகள் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். சித்தி, ஒரே ஒரு தடவ விட்டுக் குடுங்க. அந்தக் குரல் என் காதில் கேட்டது. விட்டுக்கொடுக்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. 'இன்னும் இல்லம்மா' என்று அவள் சொல்வதைப் போலவே சொல்ல எனக்குத் தெரியும். அந்த இரண்டு வார்த்தைகளும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அவள் பேச்சை மறுபடியும் நான் பேசப் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"எத்தன விழுகணும்?" என்றாள் அக்கா.

"பதினஞ்சுக்கு மேலங்க்கா."

"அப்ப அவளுக்குக் கேக்கலையா?"

"கேக்கலீங்க்கா."

அக்கா தலையை ஆட்டினாள். பகடையை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "கேக்கலீன்னா என்ன? கேக்காட்டியும் பசிக்குமில்ல அவளுக்கு" என்றாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உங்கூட்ல பெரிய குக்கர் எங்க இருக்குது?"

பைக்குள் அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், ஒரு சின்ன டப்பாவில் நெய், மடித்து வைத்த வாழையிலை. வரும்போதே முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறாள். நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். தாளித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"ஆஸ்பத்திரில நீ உரிச்சுக் குடுத்தியே, எத்தன முத்து தின்னா?"

"ஆறோ ஏழோதாங்க்கா."

"தின்னாளில்ல" என்றாள். வெங்காயத்தைக் கிளறிவிட்டு, "நா வந்தப்புறம் ஒண்ணுமே அவ வாயில போகலை கண்ணு. உங்கையாலதான் கடைசியாத் தின்னிருக்கறா" என்றாள். கரண்டியை வைத்துவிட்டுப் புறங்கையால் என் கன்னத்தைத் துடைத்தாள். நான் அடுப்படியில் நின்றபடியே ஓவென்று அழுதேன். அவள் என்னை அழவிட்டுவிட்டுக் குக்கரை மூடினாள்.

அன்று அமாவாசை இல்லை, எந்த விசேஷமும் இல்லை. வெறும் ஞாயிற்றுக்கிழமை, வெயில் கொளுத்துகிற மதியம். நாங்கள் நாலு பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். அக்கா கைப்பிடிச் சுவரில் தண்ணீர் தெளித்து இலையைப் போட்டாள். ஆவி பறக்கிற அரிசிம்பருப்புச் சோற்றை நடுவில் வைத்து, குழி செய்து, நெய் ஊற்றினாள்.

"சாப்டியா சாமி?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, போனில் பதில் வருவதற்கு ஆகிற நேரம் சும்மா நின்றாள். பிறகு குனிந்து இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டாள்.